வளையத்தில் கட்டிய கயிறு

நாடு சுதந்திரம் பெறவிருந்த ஆகஸ்ட் மாதம் அது. அப்போது நாங்கள் மலாக்கா காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். மகனுக்கு ஆறு மாதம். மின்கம்பங்களில் ஏறிக் கம்பி இழுப்பது என் கணவரின் வேலை. விழாவுக்காகப் பண்டார் ஹிலிர் வட்டாரம் முழுவதும் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின வாரம்தான் செமாபோக்கில் அவரோடு வேலை செய்தவர் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலில் குழந்தைக்குக் காப்புக் கயிறு வாங்கியபோது அவருக்கும் ஒன்று வாங்கினேன். மின்சார வேலையில் கையில் எதுவும் கட்டக் கூடாது என்று மறுத்துவிட்டார்.

அவருடைய இடுப்புவாரில் இரண்டு பக்கமும் இரும்பு வளையம் இருக்கும். ஒரு வளையத்தில் கோத்த தோல்வாரைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு வளையத்தில் கொக்கியை மாட்டுவார். பிறகு இரண்டு கையையும் விட்டுச் சாய்ந்து நின்று வேலை செய்வார். உயிரைத் தாங்குவது அந்த வளையம்தானே, அதிலேயே கட்டினால் என்ன என்று தோன்றியது. காலையில் அவர் குளிக்கும்போது கயிற்றை, கொக்கி மாட்டும் வலது வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். வளையமும் கறுப்பு, கயிறும் கறுப்பு. சொன்னால் அவிழ்த்துவிடுவார் என்று சொல்லவில்லை. அவர் போனதும், சொல்லியிருக்கலாமோ என்று உறுத்தத் தொடங்கியது.

பத்து மணிக்குக் குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போகும் வழியில், ஒரு கம்பத்தின் உச்சியில் அவரைப் பார்த்தேன். கொக்கியை மாட்டிவிட்டு இடது கையையும் எடுக்கப் போனார். கீழே நின்று ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த மண்டோர் குரல் கொடுத்தார்.

“தம்பி, கைய விடாத. பூட்டுன சத்தம் கேக்கல.”

“மாட்டிட்டேண்ணே. ஒங்களுக்குத்தான் காது மந்தம்.”

“என் காத அப்புறம் பாப்போம். நீ கொக்கியப் பாரு.”

குனிந்து பார்த்தவர் கம்பத்தை இறுக அணைத்துக்கொண்டார். கயிற்றின் தடிப்பில் கொக்கி மூடாமல் வாய் பிளந்து நின்றது. படிப்படியாக இறங்கி வந்தார்.

மண்டோர் வளையத்தைப் பார்த்துவிட்டு, எந்த மடையன் கட்டியது என்று ஆட்களை அதட்டினார். பேசாமல் நடந்துவிடலாமா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் பழி வேறொருவர் மேல் விழுமே. கிட்டப் போய், “நான்தாங்க கட்டுனேன்” என்றேன்.

என் கணவர் திட்டவில்லை. கயிற்றை அறுத்துவிட்டுக் கொக்கியை மாட்டினார். ‘டக்’கென்று சத்தம் வந்தது. என்னையே அதை இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

“பயமா இருந்தா என்கிட்ட சொல்லு. இதுல மட்டும் கை வைக்காத.”

சொல்லிவிட்டு மறுபடி ஏறினார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது மகன் ஓடியாடுகிறான். அவனுக்கு நல்லது என்று நினைத்து எதையாவது செய்யப் போகும்போதெல்லாம், இது அவனுக்காகவா, என் பயத்துக்காகவா என்று நின்று கேட்டுக்கொள்கிறேன். பல நாள் எனக்குப் பதில் தெரிவதில்லை.