இரண்டாவது கையெழுத்து

சங்கத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி என் வேலையானது என்று இன்றும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. பெங்களூரில், ஓசூர் ரோட்டில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் டெக்னீஷியன். எங்கள் தொழிலுக்கென்று ஒரு சங்கம் உண்டு. அதன் கிளைக் கூட்டத்தில் எழுந்து நின்று மறுக்கத் தெரியாததால், உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மகளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது.

சேர்ப்பதைவிடக் கடினம், சேர்ந்தவர்களை விலகாமல் வைத்திருப்பது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பொம்மனஹள்ளி வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவேன். வேலை மாறிவிட்டது என்பார்கள், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். ஒருவர் மட்டும் நேராகக் கேட்டார்.

"நாலு வருஷம் மெம்பரா இருந்தேன் மேடம். ஒரு காலண்டர் வந்துச்சு. வேற என்ன?"

அடுத்தமுறை யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு தாளில் பதில் எழுதி வைத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்படியும் ஒருத்தி சேர முன்வந்தாள். பொம்மசந்திராவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் சிறிய மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு என் வேலைதான். என்னைவிட நான்கைந்து வயது இளையவள். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி, என் கைப்பையின் மேல் வைத்தே விண்ணப்பத்தை நிரப்பினாள். ஏதாவது பிரச்சினை என்றால் சங்கத்திலிருந்து வருவீர்களா என்று கேட்டாள். வருவோம் என்றேன்.

விண்ணப்பத்தில் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இருவருக்கும் அவளை நேரில் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றை நான் போட்டேன். இன்னொன்று போட, அவளை அறிந்தவர் எங்கள் கிளையில் யாரும் இல்லை. பெயர்ச்சீட்டு ஒட்டாத ரத்த மாதிரிக் குழாயை வாங்காமல் திருப்பி அனுப்பிப் பழகிய கை என்னுடையது. அரைகுறையாக இருக்கும் எதையும் அடுத்த மேசைக்குத் தள்ள அதற்கு வராது. அடுத்த கூட்டத்துக்கு அவளை வரவழைத்து, அறிமுகப்படுத்தி, முறையாக வாங்கிக்கொள்ளலாம் என்று விண்ணப்பத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். பிறகு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நானே போகவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒரு புதன்கிழமை மதியம் அவளிடமிருந்து போன். குரல் சிறுத்திருந்தது. வார்டிலிருந்து வந்த இரண்டு நோயாளிகளின் ரத்த முடிவுகள் இடம் மாறிப் போயிருந்தன. நோயாளிக்கு ரத்தம் ஏற்றுவதற்கு முன் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். வார்டில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டினார்களா, இவள் கையில் மாறியதா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பதிவேட்டில் ஒரு நேரத்தை இவள் அடித்துத் திருத்தியிருந்தாள். அதைக் காட்டி, தப்பை மறைக்கப் பார்த்தாள் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் மூன்று மணிக்கு விசாரணை. வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். அவள் உறுப்பினராக உள்ள சங்கத்திலிருந்து ஒருவர் உடன் வரலாம் என்று மட்டும் கடிதத்தின் கடைசியில் இருந்தது.

"நான் மெம்பர்தானேக்கா?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கவர் என் கைப்பையில்தான் இருந்தது.

கிளைத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் ஓய்வு பெற்ற லேப் சூப்பர்வைசர், ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். பதற்றமே இல்லாமல் கேட்டுக்கொண்டார்.

"போன மாசத் தேதி போட்டு எடுத்துட்டு வாம்மா. நான் சைன் பண்ணிடுறேன்."

"நீங்க அவளைப் பார்த்ததே இல்லையே சார்."

"அந்த ரூலை யாரும்மா பார்க்கிறாங்க? பாதிப் பேருக்கு நான் சும்னே, ஆளைப் பார்க்காமலே போட்டுக் குடுத்ததுதான்."

மூன்று வாரம் நான் காத்து நின்ற விதி, என்னைத் தவிர வேறு யாருக்கும் விதியாக இருந்திருக்கவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். நேரத்தைத் திருத்தினாள் என்பதுதான் அவள் மேல் உள்ள குற்றம். அவளைக் காப்பாற்றப் போகிறவள் தேதியைத் திருத்திக்கொண்டு போவதா? கண்டுபிடித்தால் அதோடு அவள் கதை முடிந்தது. இன்றைய தேதியைப் போட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடக்கூடும். எப்படிப் போனாலும் இழக்கப்போவது அவள்தான், நான் இல்லை. என் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றியது. குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்த கணவர், அவளிடமே கேட்டுவிடேன் என்றார்.

கேட்பதென்றால் முதலில் சொல்ல வேண்டும். சொன்னேன். மறுமுனையில் பஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டாள்.

"மூணு வாரமா உங்க பையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"ஒரு போன் பண்ணியிருந்தா நானே யாரையாவது புடிச்சு வாங்கியிருப்பேனேக்கா."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அவளே சொன்னாள். "பழைய தேதி வேணாம். திருத்துறவள்னு ஏற்கெனவே எழுதிட்டாங்க."

தலைவரை நேரிலேயே வரச் சொல்லிவிட்டு, மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தேன். தலைவர் மெட்ரோ மாறி, ஆட்டோ பிடித்து, வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வந்து இறங்கினார். கேட்டருகே அவளை நிறுத்தி எங்கே படித்தாள், யாரிடம் வேலை கற்றாள், பதிவேட்டில் என்ன செய்தாள் என்று கால்மணி நேரம் கேட்டார். "இப்ப உன்னை நேர்ல தெரியும்" என்று சொல்லி, செக்யூரிட்டி மேசையில் வைத்துக் கையெழுத்திட்டார். அதன் கீழே நான், விண்ணப்பம் என்னிடம் வந்த நாள், தாமதம் என்னால் ஆனது, இன்று ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஹெச்.ஆர். அம்மாள் அதை இரண்டு முறை படித்தார். இன்றைக்குத்தான் சேர்ந்தாளா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், இன்றைக்குத்தான் என்று தலைவரும் கன்னடத்தில் சொன்னார். தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் உள்ளே போனார். நாங்கள் மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பழைய தேதியைப் போட்டிருந்தால் இந்நேரம் உள்ளே போயிருப்பார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்தது. சங்கத்திலிருந்து ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். தலைவர் அவளோடு போனார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே நடந்ததைத் தலைவர்தான் பிறகு சொன்னார். அந்த மருத்துவமனையின் சொந்த நடைமுறைக் கோப்பையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தவறான பதிவை ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும், அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்று அதிலேயே இருந்தது. அவள் செய்திருந்தது அதுதான். மறைக்க நினைப்பவள் ஏன் படிக்கிற மாதிரி அடிக்கிறாள் என்று கேட்டாராம். குழாய்கள் எங்கே மாறின என்பதற்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, வேலையைத் தொடரச் சொல்லிவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே வந்து அவள் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் ஃபார்மை உங்ககிட்ட குடுக்க மாட்டேன்க்கா. சார்கிட்டயே குடுத்துடுறேன்."

"என்கிட்ட குடுத்தா தொலைச்சிடுவேன்மா" என்றார் தலைவர். அவள் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

குழந்தைக் காப்பகம் மூடும் நேரம் நெருங்கியிருந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அவள் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். கோபமாகத்தான் சொன்னாள், அது நியாயமும்கூட. ஆனால் அடுத்த வருஷம் என்று சொன்னாள்.