சூடு தெரியாத கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்தாறு வருடம் மருந்துக்கடையில் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் வரும். "மூணு நாளா பிள்ளைக்குக் காய்ச்சல், ஏதாவது குடுங்க" என்று நாலாவது நாள் வந்து நிற்பார்கள். அப்படி என்னிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவன் இஸ்திரிக்காரன்.

பக்கத்துத் தெரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பான். நான் சொல்வது பதினாலு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது அவன் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆறு வயதில் ஒரு பெண். முகமெல்லாம் தாடி. துக்கமா சோம்பலா என்று நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்தான். விடுவேனா?

"பெத்த அப்பன்தானே? காலைல தொட்டுப் பாக்கலையா?"

"பாத்தேன் சார். ஜில்லுன்னுதான் இருந்துச்சு."

"கொதிக்கிற நெத்தி எப்படிய்யா ஜில்லுன்னு இருக்கும்?"

வலது கையைக் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்தான். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள். தொட்டுப் பார்த்தேன். செருப்புத் தோல் தேவலை. பத்து வருடமாக இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டதா என்று தட்டிப் பார்த்த கை அது. அதற்கு ஒரு குழந்தையின் நெற்றி எம்மாத்திரம்? வீட்டில் தொட்டுப் பார்க்கிற வேலை எப்போதும் அவன் மனைவியுடையதாக இருந்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன். அது அபூர்வம்.

"என் சம்சாரத்தோட அக்கா வந்திருக்காங்க சார். பிள்ளைய நான் கூட்டிட்டுப் போய் வளக்கறேங்கறாங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, என்னால வேணாம்னு சொல்ல முடியாது."

தெர்மாமீட்டர் ஒன்று கொடுத்தேன். ஆனால் அதை எடுத்து வைக்கவேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டுமே. எந்த வீட்டில் நல்லா இருக்கிற பிள்ளைக்கு மூன்று வேளையும் தெர்மாமீட்டர் வைக்கிறார்கள்? இவன் வைத்தான். ஒரே வாரத்தில், அதைக் கண்டாலே பெண் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டாளாம். அங்கிருந்தே சொன்னாளாம்: "அம்மா இப்படிப் பண்ண மாட்டாங்க. கன்னத்த வெச்சுத்தான் பாப்பாங்க."

அவனும் கன்னத்தை வைத்தான். "குத்துதுப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் தாடியைக் காணோம். எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. "என்ன மாப்ள, பொண்ணு பாத்தாச்சா?" என்று சலவைக்கூடத்தில் ஓட்டித் தள்ளிவிட்டார்களாம். இவனும் சிரித்து வைத்தானாம். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் சவரம். பிளேடு என் கடையில்தான். காலையில் பிள்ளை கண் விழித்ததும் அவள் நெற்றியில் கன்னத்தை வைப்பான். வேலை விட்டு வந்தால் முகம் கழுவி, சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்து, மறுபடி வைப்பான். கூடவே மற்றதையும் கவனிக்கக் கற்றுக்கொண்டான். கண் மினுமினுக்கிறதா, காது மடல் சிவந்திருக்கிறதா, தட்டில் சோறு அப்படியே இருக்கிறதா, ஓயாத வாய் ஏன் ஓய்ந்தது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்தான்.

"வரப்போகுது சார்."

"தெர்மாமீட்டர் என்ன சொல்லுது?"

"அது ஒண்ணும் சொல்லல. கன்னத்துக்குத் தெரியுது."

சாயங்காலம் நூற்றொன்றுக்கு ஏறியது. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். மறுநாள் பெரியம்மாக்காரி பதறிப்போய் வந்தபோது பிள்ளை மருந்து குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அவளைத் தொட்டுப் பார்த்தார், சீட்டைப் படித்தார், சாயங்காலமே தனியாகத் திரும்பிப் போய்விட்டார். பெண் அவனிடமே வளர்ந்தாள்.

இப்போது அவளுக்கு இருபது வயது. படிக்க வெளியூர் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். இவன் இன்னமும் தினம் சவரம் செய்கிறான். போன மாதம் பிளேடு வாங்க வந்தவனிடம் "இனிமே யாருக்குய்யா இது?" என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டபிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்?

நேற்றுப் பட்டப்பகலில் வந்து நின்றான். முகம் வாடிக் கிடந்தது.

"காய்ச்சலான்னு தெரியல சார்."

"தெர்மாமீட்டர் எங்க போச்சு?"

"வெச்சேன். தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது." கொஞ்சம் தயங்கினான். "யாராவது தொட்டுப் பாத்தாத் தேவலன்னு தோணுச்சு."

திட்டத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவன் நெற்றியில் கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான். காய்ச்சல் இல்லை, வைத்த உடனே தெரிந்துவிட்டது.

"இரு, சரியாத் தெரியல" என்றேன். கையை எடுக்கவில்லை.