முவனகோம்போ கட்டிய துணி

முவனகோம்போ சுடும் விட்டும்புவாவைத் தின்னாவிட்டால் எனக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. அரிசிமாவில் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து, வாசலிலேயே குழிச்சட்டி வைத்துச் சுடுவாள். தனிக்கட்டை. வாய் நீளம், ஆனால் மனசு தங்கம். டாங்கா ஊரில் எங்கள் சந்து சரிவாக இறங்கும். கடைசி வீடு அவளுடையது. அங்கேதான் வந்தது வினை.

அவளுக்கு மேலே பதினான்கு வீடு. அநேகமாக எல்லார் குப்பையும் சந்தின் வாய்க்காலில்தான் விழும். பெருமழைக் காலத்தில் அது அடைத்துக்கொண்டு, தண்ணீர் நேரே அவள் அடுப்புக்குள் புகும். போன வருடம் மூன்று வாரம் அடுப்பு எரியவில்லை, மாவெல்லாம் நாசம். "இந்த வருஷமும் தண்ணி வந்துச்சுன்னா கடைய மூடிட்டு பங்கானிக்குத் தங்கச்சி வீட்டுக்கே போயிடுவேன்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அவள் போய் மன்றாடியதால் நகராட்சி அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து பலகை நட்டார். 'இங்கே எல்லாரும் குப்பை கொட்டுகிறார்கள். வெட்கம்!' அட புத்திசாலியே! அதுவரை கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் கொட்டிய நான், அதைப் படித்த மறுநாளே நடுவாய்க்காலில் கொட்டினேன். எல்லாரும் கொட்டுகிறார்கள் என்று பலகையே சொல்லிவிட்டது, ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? கொட்டாமல் இருந்த இரண்டு வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள்.

அப்போதுதான் பெருநாளுக்கென்று தங்கை அனுப்பிய காங்காவை முவனகோம்போ கட்டிக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு வந்தாள். காங்காவின் கரையில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். இடுப்பில் சுற்றினால் அது பின்பக்கம் வரும். எங்கள் பெண்கள் வாயால் சொல்ல முடியாததைத் துணியால் சொல்வார்கள். பிடிக்காதவளைச் சாட வேண்டுமானால், ஏற்ற வரியாகத் தேடி வாங்கிக் கட்டி, அவள் வாசல் வழியே மெதுவாக நடந்தால் போதும்.

அவள் பின்னால் இருந்த வரி: 'கண் பார்த்தது, வாய் சொல்லவில்லை.'

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே! வரிசையில் நின்ற நாங்கள் ஒவ்வொருவரும் எங்களைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். அன்று காலையில்தான் மீன்குடலைப் பையோடு வீசிய எதிர்வீட்டு சுஹுராவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"பாத்தியாடி, என்னைத்தான் குத்திக் காட்டுறா! இருக்கட்டும்!"

கடைத்தெருவெல்லாம் அலைந்து அவளும் ஒன்று வாங்கிவந்தாள்: 'என் வாசலைப் பார், பிறகு பேசு.' வாங்கிய பிறகுதான் உறைத்தது, நாறும் வாசலை வைத்துக்கொண்டு அந்தத் துணியைக் கட்டினால் சந்தே சிரிக்கும். மூன்று நாள் வாய்க்காலை வாரிக் கழுவிவிட்டு, நாலாம் நாள் அதைக் கட்டிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். அவள் வாசலுக்குப் பக்கத்தில் என் வாசல்! பார்த்தாலே மானம் போனது. நானும் மண்வெட்டி எடுத்தேன். என்னைப் பார்த்து அடுத்தவள்.

"ஏன்டி, எல்லாரும் என்னை முறைக்கிறீங்க?" என்று ஒரு நாள் முவனகோம்போ என்னைக் கேட்டாள். சொன்னேன்.

"ஐயோ! நான் அந்த வரியப் படிக்கவே இல்லடி! அவசரத்துல சுத்திக்கிட்டேன்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் சுஹுராவிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வாய்க்கால் ஓட ஆரம்பித்திருந்ததே!

அதற்குப் பதில் நீல வர்ணம் வாங்கிவந்து பலகையை அழித்து எழுதினாள்: 'இந்தச் சந்தில் பதினொரு வீட்டார் கொட்டுவதில்லை.' யாரையும் திட்டவில்லை. மீதி மூன்று வீட்டார் ஒரு வாரம் தாங்கினார்கள். அப்புறம் அவர்களே வந்து, "அக்கா, எண்ணிக்கைய மாத்தி எழுதுங்க" என்றார்கள்.

ஏப்ரலில் மழை கொட்டியது. சந்தே வாசலில் நின்று பார்த்தது. தண்ணீர் சீறிக்கொண்டு இறங்கி, முவனகோம்போவின் அடுப்புக்கு ஒரு சாண் கீழே ஓடியது. திடீரென்று மேல்சந்திலிருந்து பிளாஸ்டிக் குவியல் ஒன்று வந்து சிக்கியது. தண்ணீர் ஏறத் தொடங்கியது. சுஹுராதான் முழங்கால் தண்ணீரில் குதித்து, குச்சியால் குத்தி இழுத்து வெளியே போட்டாள். தண்ணீர் இறங்கியது. அடுப்பு நனையவில்லை.

முவனகோம்போ அழுதுவிட்டாள். "அக்கா, என்னை மன்னிச்சிரு. அந்தத் துணி உன்னைச் சொன்னதில்ல. நான் படிக்காமக் கட்டினது."

"தெரியும்டி. நீ இவகிட்ட சொன்ன மறுநாளே என் காதுக்கு வந்துருச்சு" என்றாள் சுஹுரா, பாவாடையைப் பிழிந்தபடி.

"அடிப்பாவி! அப்ப ஏன் ரெண்டு மாசமா என்கூடப் பேசல?"

"பேசியிருந்தா சமாதானம் ஆயிருப்போம். நான் மறுபடி குப்பைய அங்கேயே கொட்டியிருப்பேன்."