மேலும் ஒருவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை நகரச் செய்திப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. புனேயில் ஓர் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியராக எனக்கு அது ஆறாவது வருடம். மாலையில் நிருபர் செய்தி அனுப்பினார். கடக்வாஸ்லா அணை நீரில் இரண்டு இளைஞர்கள் மூழ்கி இறந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒருவர் பாணேரைச் சேர்ந்த பொறியியல் மாணவர். அவருடைய கல்லூரிப் படம், கிடார் வாசிக்கும் படம், நண்பர்கள் பேசியது எல்லாம் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன. இன்னொருவரைப் பற்றி ஒரே வரி: பெயர், வயது, வசிப்பிடம் கோர்படி. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் பெரிதாகி, செய்திக்கு இடம் குறைந்துவிட்டது. நான் அந்த வரியை எடுத்துவிட்டு, "மேலும் ஒருவரும் பலி" என்று மட்டும் வைத்தேன்.

நானும் கோர்படிக்காரிதான்; புனேயில் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் பகுதி அது. பெயரைப் படித்தபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை. மறுநாள் காலை அம்மா உலுக்கி எழுப்பி, மூன்றாவது வீட்டுப் பையன் போய்விட்டான் என்றபோதுதான் புரிந்தது. தெருவில் எல்லோரும் அவனைச் செல்லப் பெயரில்தான் கூப்பிடுவோம். ரேஷன் கார்டில் இருந்த பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஏசியை இரண்டு முறை கழற்றி மாட்டியவன் அவன்.

ஐந்தாம் நாள் அவன் அம்மா பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். ராணுவக் குடியிருப்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது; யாரோ படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"ஏம் பாப்பா, இது நீ வேல பாக்கற பேப்பர்தானே? அந்தப் பையனுக்கு மூணு நாளா போட்டோ வருது. எம்புள்ள பேருகூட இல்லியே. அவனும் அதே தண்ணியிலதானே போனான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான் அத்தை எடுத்தேன். எடம் பத்தல. அவன்னு தெரியாது."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். "எடம் இல்லன்னா நீ என்னா பண்ணுவ," என்றார். "இப்ப எடம் இருக்குமா?"

நகரச் செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "அந்த மாணவனக் காப்பாத்தக் குதிச்சானா? அப்படின்னா அரைப் பக்கம் தரேன். சும்மா குளிக்கப் போனான்னா, அது ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுபோன விஷயம்." மழைக்காலம் வந்தால் எத்தனை பேர் மூழ்குகிறார்கள், எல்லோரையும் எப்படிப் போடுவது என்றார். அந்தக் கல்லூரியில் நம் வாசகர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றார். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்து நினைத்துப் பார்த்தால் ஒன்றுமே ஒட்டவில்லை. நானும் இதே காரணங்களை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவனோடு பைக்கில் போன நண்பன்தான் போலீசிடம், "காப்பாத்தக் குதிச்சான்" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். அவன் இந்தியில் தடுமாறினான். "அக்கா, நான் சுட்ட சோளம் வாங்கப் போயிருந்தேன். திரும்பிப் பாத்தா ரெண்டு பேருமே தண்ணியில. யார் முதல்லன்னு சத்தியமா தெரியாது. கூட்டத்துல யாரோ அப்படிச் சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்."

அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

"அவனுக்கு நீச்சலே தெரியாது பாப்பா. தெரியாதவன் குதிப்பானா? ஆனா அவன் புத்திக்குக் குதிச்சாலும் குதிச்சிருப்பான்."

"குதிச்சான்னு நீங்க சொன்னா பெருசா வரும் அத்தை."

சொன்ன உடனே எனக்கே கூசியது. அவர் தலையை ஆட்டினார்.

"வேணாம். தன் புள்ளையாலதான் எம்புள்ள செத்தான்னு அந்தம்மா நெனச்சிக்கும். பேரு மட்டும் போடு."

பெயரை மட்டும் எப்படிப் போடுவது? இரண்டு வாரம் கழித்து, அணைக்கரையில் எச்சரிக்கைப் பலகைகள் இல்லை என்று ஒரு செய்தி வந்தது. அதற்குள் இரண்டு பெயர்களையும் சேர்த்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அதைப் படித்துவிட்டு அந்த மாணவனின் அப்பா அலுவலகத்துக்கு போன் செய்து, அத்தையின் வீட்டு முகவரி கேட்டார். அத்தையிடம் கேட்டுவிட்டு முகவரி கொடுத்தேன். மறுநாள் மாலை அவர் அத்தை வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டார்: "என் பையனுக்காகத்தான் உங்க பையன் இறங்கினானா?"

"தெரியாது, பாய் சாப்," என்றார் அத்தை. பிறகு அவரும் கேட்டார்: "என் பையனுக்கு நீச்சலே தெரியாது. உங்க பையனுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ஸ்கூல்ல மெடல் வாங்கியிருக்கான்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நீச்சல் தெரிந்தவன் மூழ்கியிருக்கிறான். அப்படியானால் யார் யாருக்காக இறங்கியது? ஆசிரியரோ நானோ அந்தப் பக்கமாக ஒரு முறைகூட யோசித்திருக்கவில்லை. அந்த அப்பாவுக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தை எழுந்து போய், ஆறிய டீயைச் சுடவைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்தார். போகும்போது மெயின் ரோடுவரை அத்தையும் கூடவே நடந்து போனார். நான் வாசலிலேயே நின்றேன். இதை ஆசிரியரிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் யார் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி யோசிக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.