முடிக் குளிசையும் மருந்துதான்

வகிடு அகன்றுகொண்டே போனதால், தோல் டொக்டர் சொன்னபடி முடி வளர்வதற்கான குளிசையில் தினமும் பாதி எடுத்து வந்தேன். வீட்டில் கேலி செய்வார்கள் என்று அதைப் பொட்டுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

கந்தசஷ்டி விரத நேரம், வெள்ளவத்தையில் கோயில் வரிசையில் மயங்கி விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில், "ஏதும் மருந்து எடுக்கிறவவா?" என்று டொக்டர் கேட்க, "ஒண்டுமில்லை" என்றார் கணவர். பயந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

"அது பிரஷரையும் குறைக்கும் அம்மா. பட்டினியோட எடுத்தா விழத்தானே செய்வீங்க!"

தோல் டொக்டர் அளவைக் கால் குளிசையாகக் குறைத்துத் தந்தார். இப்போது குளிசை எல்லோரும் பார்க்கச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. எந்த டொக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வகிட்டில் முளைத்த குட்டி முடிகளைப் பார்த்துவிட்டு, வழுக்கைத் தலைக் கணவர் மெல்லக் கேட்டார்: "எனக்கும் அதில கொஞ்சம் தாருமன்."

"தரமாட்டன். அந்தத் தோல் டொக்டரைப் பார்க்க உங்களுக்கும் நம்பர் எடுத்திட்டன்."