சிங்காரவேலு வைத்த பெயர்கள்

அரியூர்ப் பக்கத்துக் கண்ணாடிப் பட்டறைக்கு நூறு வயதாகிறது. அதில் உருப்படியாக ஊதத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது சிங்காரவேலுவின் முடிவு. மற்றவர்களெல்லாம் பலூன் ஊதப் போயிருக்க வேண்டியவர்கள். முதலாளி விஜயகுமாரிக்கு உலைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்க வக்கில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அதைவிட மோசம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சுடுமா அங்கிள்?" என்று கேட்கிற ஜென்மங்கள்.

"தொட்டுப் பாரு, தெரியும்" என்பான்.

கையாட்களுக்கு வந்த அன்றே அவனே ஒரு பெயர் வைத்துவிடுவான். ஒருவன் தவிடு, ஒருவன் ஓட்டைவாய். இரண்டு பேரும் ஓடிப்போனார்கள். இப்போது இருப்பவன் பாகூரிலிருந்து மொபெட்டில் வருகிற பிள்ளைகுட்டிக்காரன். ஒடுங்கிய மார்பு. தானும் ஊதிப் பழகட்டுமா என்று முதல் நாளே கேட்டுத் தொலைத்தான்.

"இந்தக் கோழி நெஞ்ச வெச்சிக்கினு நீ இன்னாத்த ஊதப்போற?"

அன்றிலிருந்து அவன் கோழி. பட்டறையே அப்படித்தான் கூப்பிட்டது. மதியச் சோற்று நேரத்தில் அவன் சின்னச் சின்ன ஜாடிகள் ஊதிப் பழகியதை விஜயகுமாரி பார்த்தார். சிங்காரவேலு பார்க்கவில்லை, பார்க்க என்ன இருக்கிறது?

போன வாரம் விஜயகுமாரி நேராகவே சொல்லிவிட்டார். "அமீர் ஹம்சா பாய் கடைக்கு கேட்ட பெரிய விளக்குக் குடுவ ரெண்டு வாட்டி ஒடஞ்சிடுச்சி. நீ திட்டற திட்டுல கூட நிக்கறவன் கை நடுங்குது. இந்த வாட்டியும் ஒடஞ்சா பெரிய பெஞ்சுல வேற ஆளு ஒக்காருவான்."

பெரிய பெஞ்சு தலைமை ஊதுகாரனின் இடம். அது போனால் அவனும் ஒரு கையாள்தான். வெளியே வந்து கோழியைப் பிடித்துத் திட்டினான்.

"அண்ணே, நாளிக்கி ஊதறப்ப என் பேரச் சொல்லிக் கூப்டு, ஓடியாறேன். கோழின்னா நவுற மாட்டேன்" என்றான் அவன்.

"கோழிக்கு ரோஷத்தப் பாரு!"

மறுநாள் குடுவை சிங்காரவேலுவின் வாழ்நாளில் வராத அழகில் வந்தது. ஊதுகுழலை உருட்டுவதை நிறுத்தினால் இளகிய கண்ணாடி தொங்கிவிடும்; இரண்டு கையும் அதிலேயே. இனிக் கையாள்தான் காய்ச்சிய கம்பியைக் கொண்டுவந்து குடுவையின் அடியில் ஒட்ட வேண்டும்; அப்போதுதான் குழலிலிருந்து அதைக் கழற்ற முடியும்.

"கோழி, வாடா!"

கம்பி தயாராக இருந்தது. கோழி அசையவில்லை.

சிங்காரவேலு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, குடுவை ஆறிவிடாமல் தானே நெருப்பில் காட்டிவிட்டு வந்தான். "டேய், ஒன்னத்தான்டா!" கையாள் நின்ற இடத்திலேயே நின்றான். இன்னொரு முறை நெருப்பில் காட்டினால் குடுவை தாங்காது. வாசலில் விஜயகுமாரி வேறு. சரி, ஒரு பெயர்தானே, சொல்லித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தான்.

தவிடு நினைவுக்கு வந்தது. ஓட்டைவாய் வந்தது. இவன் பெயர் வரவில்லை. தெரிந்திருந்தால்தானே வரும்? சிங்காரவேலு அதைக் கேட்டதே இல்லை. அவமானத்தில் காது எரிந்தது.

"ஒன் பேரு... இன்னாப்பா?"

அவன் ஒரு கணம் நம்ப முடியாமல் பார்த்தான். "ஆபித்" என்று சொல்லிக் கம்பியோடு ஓடிவருவதற்குள் கழுத்தில் விரிசல் விழுந்து, குடுவை தரையில் நொறுங்கியது.

மறுநாள் பெரிய பெஞ்சில் ஆபித் உட்கார்ந்தான். ஊதி முடித்து, கம்பியோடு நின்றவனைத் திரும்பிப் பார்த்தான்.

"சிங்காரவேலு அண்ணே, வாங்க."

கழுதை என்று கூப்பிட்டிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.