கூரையில் ஏறிய செம்மறி

மலையில் ஹீத்தே கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான். ஹீத்தே என்றால் விடுமுறைக்கு வந்து தங்கும் மரவீடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். அதற்காக ஒரு மலைச்சரிவையே கூறுபோட்டு விற்றார்கள்.

அந்தச் சரிவு எனக்குப் பழக்கமான இடம். இலையுதிர் காலம் வந்தால் அப்பாவும் சித்தப்பாவும் நாங்கள் குடியிருந்த ஹொல்ம்லியாவிலிருந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு அங்கே ஆட்டிறைச்சி வாங்கப் போவார்கள். கடை இறைச்சி இறைச்சியே இல்லை என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. செம்மறி வளர்த்த பெண்மணி எனக்குச் சுடச்சுட வாஃபிள் தருவார். முன்னொரு காலத்தில் பனியாறு இழுத்துவந்து கொட்டிய மண்மேடுகளில் அவருடைய ஆடுகள் கோடை முழுக்க மேயும். கிழட்டு ஆடொன்று கழுத்தில் மணியோடு முன்னால் போகும். மற்றவை அந்தச் சத்தத்தின் பின்னால் போகும்.

எனக்கு ஒன்பது வயதானபோது மேட்டில் ஹீத்தேக்கள் வந்துவிட்டன. அங்கே பெக்கோ இயந்திரம் ஓட்டி மண் வெட்டியது சித்தப்பாதான். வந்தவர்களுக்கு மலை வேண்டும், ஆடு வேண்டாம். வாசலில் புழுக்கையாம், மணிச்சத்தத்தில் தூக்கமில்லையாம். மேய்ச்சலை நிறுத்தும்படி நகரசபையில் முறையிட்டிருந்தார்கள். நிறுத்தினால் ஆடுகளை விற்பதைத் தவிர அந்தப் பெண்மணிக்கு வேறு வழியில்லை.

இறைச்சிக்குச் சொல்லிவைக்க நாங்கள் போன அன்று மணியாடு ஒரு ஹீத்தேயின் கூரைமேல் நின்றது. இங்கே கூரையில் புல் வளர்ப்பார்கள். அதை ஆறுதலாக மேய்ந்துகொண்டிருந்தது. கீழே வீட்டுக்காரர் நகரசபைக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கள் ஊரில் ஆட்டைக் கூப்பிடும் வழக்கப்படி ஓர் இலைக்குழையை முறித்து ஆட்டிக் காட்டினார். செம்மறி திரும்பியும் பார்க்கவில்லை. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

அப்பா பின்பக்கம் போய்ப் பார்த்தார். கூரை விளிம்புவரை மண் ஏறியிருந்தது.

"உது ஆர் பார்த்த வேலை?"

"நான்தான் அண்ணை. குளிர் உள்ளுக்கை போகாதெண்டு வாழைக்கு மண் அணைக்கிற மாதிரி அணைச்சு விட்டனான்."

"ஆட்டுக்குப் படியெல்லோ கட்டிக் குடுத்திருக்கிறாய்."

சித்தப்பா வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லப் புறப்பட்டார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னா உன்ரை வேலை போகும்."

"சொல்லாட்டி அவவின்ரை ஆடுகள் போகுமே?"

அப்பா பிடியை விடவில்லை. சித்தப்பாவும் போகவில்லை.

சில கிழமை கழித்து இறைச்சி எடுக்கப் போனோம். அந்தப் பெண்மணி மணியாட்டைத்தான் வெட்டியிருந்தார். பையோடு மணியையும் என் கையில் தந்து, இனி இது தேவைப்படாது என்றார். புது மணி வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பும்போது லில்லெஸ்ட்ரோம் நகரம் தாண்டியும் மணியை ஆட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த வருடம் எப்போது போவோம் என்று கேட்டேன்.

"அதை ஆட்டாதை," என்றார் சித்தப்பா, திரும்பாமல். என்னோடு கோபிக்கவே தெரியாத மனிதர்.

பகிடி விடுகிறார் என்று நினைத்து, அவர் காதுக்குக் கிட்டப் பிடித்து இன்னும் பலமாக ஆட்டினேன்.